வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

வாங்க டீச்சர், உள்ள வாங்க. செருப்பு அங்கியே கெடக்கட்டும், ஒருத்தரும் எடுத்துக்கிட்டுப் போகமாட்டாங்க. இந்தத் தெருவுல எங்க வீட்டு கேட்டத் தாண்டி எவளும் வரமாட்டா. குடிவந்து ஆறு மாசமாச்சு, வாசப்படி தாண்டி உள்ள வந்த மொத வெளியாளு நீங்கதான். நெசமாத்தான் சொல்றேன். அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க.

என்னது, ரெக்கார்டு நோட்டா? என்ர மக பர்ணியோட பயாலஜி ரெக்கார்டா? பீரோவுல பைக்குள்ள இருக்கறதா? ஆமா, பீரோவுலதான் வெச்சுப் பூட்டியிருக்கேன். கரெக்டாச் சொல்றீங்களே! டீச்சருங்களுக்கு எல்லா வீட்டு சங்கதியும் தெரியுமாட்ட இருக்குது. இருங்க, எடுத்துத் தர்றேன். ஆனா இப்பவே சொல்லிப்போடறேன், நாளைக்குப் பிராக்டிகலுக்கு அவ வரமாட்டா. காய்ச்சல். ஒம்போது நாளா ஸ்கூலுக்கு வரலீல்ல, அதேதான், காய்ச்சல். நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும், நான் வெச்சுக்கிட்டு என்ன பண்றது? இந்தாங்க. பூவை ரெண்டாப் பொளந்து வரைஞ்சிருக்கா பாருங்க. என்ன அழகு. ஒவ்வொண்ணுக்கும் கோடு இழுத்து, பேரெழுதி... கை சுத்தம் அவளுக்கு. வாய்தான் சுத்தமில்ல.

காய்ச்சல் எதனாலயா? இந்த வீட்டாலதான், வேற எதனால? பாழாப்போன வீடு. ஓனர் சென்னியப்பன் மட்டும் இப்ப என் முன்னால வந்து நின்னான்னு வெய்யுங்க, மொகத்துல காறித் துப்பாம விடமாட்டேன். டீ வேண்டாமா? சரி, தண்ணியாவது குடிங்க. குடிச்சுக்கிட்டே கேளுங்க. இதை யாராவது ஒருத்தர்கிட்டச் சொல்லலீன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுப்போயிரும்.

எங்க வீட்டுக்காரரு ரிக் வண்டியில இருக்கறாருங்க. போர் போடற வண்டி. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரான்னு போனாருன்னா திரும்பி வர மூணு மாசம் நாலு மாசம் ஆவும். திருச்செங்கோட்டுல பாதி வீட்டுல ஆம்பளை இப்படித்தான், உங்களுக்குத் தெரியாததில்ல. பொட்டப்புள்ளைய வெச்சுக்கிட்டுத் தனியா இருக்கறோமேன்னு, ஸ்கூலுக்குப் பக்கமா, நல்ல தெருவா, பாதுகாப்பாப் பாக்கச் சொன்னேன். சென்னியப்பன் என்ன சொன்னான் தெரியுமா? "இதவிடப் பாதுகாப்பான வீடு உங்களுக்குக் கெடைக்காதும்மா"ன்னான். இதே ஹால்ல, இதே எடத்துல நின்னு சொன்னான். முன்னக் குடியிருந்தவங்க யாருன்னு கேட்டேன். "நல்ல குடும்பம், ஒரே பொண்ணு, வைகாசியில காலி பண்ணிட்டாங்க"ன்னான். வைகாசியாம், வைகாசி. அந்தப் பொய்ய மறந்துறாதீங்க, பின்னால வரும்.

ஆவணியில நல்ல நாள் பாத்துப் பால் காய்ச்சினோம். பாலு பொங்கி, பாத்திரத்தச் சுத்தி நல்லாவே வழிஞ்சுது. எனக்கு அவ்வளவு சந்தோசம். சக்கரை போட்டு டம்ளர் டம்ளரா ஊத்தி, தெருவுல எட்டு வீட்டையும் கூப்பிட்டேன். வந்தாங்க. வரலீன்னு சொல்லல. எட்டுப் பொம்பளைகளும் வந்து, கேட்டுக்கு அக்கட்டயே நின்னு, பாலைக் குடிச்சுப்போட்டு, டம்ளரக் கம்பி வழியாக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. "உள்ள வாங்கக்கா, வீட்டப் பாருங்க"ன்னா, "இருக்கட்டும் கண்ணு, அடுப்புல போட்டுட்டு வந்தோம்"ங்கறாளுக. எட்டு வீட்டுலயும் ஒரே நேரத்துல அடுப்புல என்னடி போட்டீங்க? அன்னிக்கே எனக்கு ஒறச்சிருக்கோணும். எனக்கு எங்க அறிவு, பால் பொங்குன சந்தோசத்துல பல்ல இளிச்சுக்கிட்டு நின்னேன்.

அந்த ரூமுக் கதவப் பாருங்க. அதோ, நீலப் பெயிண்டு. தாழ்ப்பாள் எங்க இருக்குது? வெளியில. உள்பக்கம் இல்லவே இல்ல, நீங்க போய்ப் பாக்கவேண்டாம், நான் சொல்றேன். உள்பக்கத்துல இருந்தத எவனோ புடுங்கிப்போட்டு, ஓட்டைய மாவு வெச்சு அடைச்சிருக்கறான். வந்த மொத நாளே எங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். "இதென்னங்க, ஆட்டுப்பட்டிக்குப் போடறாட்டம் வெளியில போட்டு வெச்சிருக்கறாங்க? மனுசங்க இருந்த வீடா இது?"ன்னு. அவரு, "ஆசாரிய வரச்சொல்லி மாத்திரலாம்"ன்னாரு. அதுக்குள்ள ரிக் கெளம்பிருச்சு. ஆசாரி வரல. தாழ்ப்பாள் அப்படியே நின்னுபோச்சு.

சௌபர்ணிகாவுக்கு அந்த ரூமத்தான் குடுத்தோம். கொல்லூர் மூகாம்பிகைக்கு வேண்டிப் பொறந்தவ, அங்க ஓடற ஆத்துப் பேரு, அதான் அந்தப் பேரு. பேரு நீளம்னு பர்ணி, பர்ணின்னே கூப்பிட்டுப் பழகிட்டோம். அவதான் மொதல்ல கண்டுபுடிச்சா. "அம்மா, கதவுல உள்பக்கம் பாரு"ன்னா. இடுப்பு ஒசரத்துல, பெயிண்டுக்கு அடியில, கோடு கோடா, பள்ளம் பள்ளமா. ஸ்பூனுல சொரண்டுனாட்டம். பூனையா இருக்கும்னேன். "பூனைக்கு இவ்வளவு ஒசரம் இருக்குமா"ன்னு கேக்கறா. டிடெக்டிவ் வேலை! புஸ்தகத்தப் படின்னா கதவப் படிச்சுக்கிட்டிருந்தா.

போகிக்குப் பரணச் சுத்தம் பண்ணச் சொன்னேன். அந்த ரூமுக்கும் சமையக்கட்டுக்கும் சேத்து ஒரே பரண்தான். அந்தப் பக்கம் ஏறுனா ரூமு, இந்தப் பக்கம் எறங்குனா அடுப்படி. நடுவுல ஒரு பலகைய அடிச்சு மறைச்சிருக்கறாரு ஓனரு. பலகைக்கு இந்தப் பக்கம் என்ர கல்யாணத்துக்கு வந்த அண்டா, குண்டா எல்லாம் அடுக்கி வெச்சிருக்கேன். ரூமுப் பக்கம் ஏறுனவ ஒரு காலண்டரோட எறங்குனா. தேதி கிழிக்கற காலண்டரு. ஒட்டடையத் தொடச்சுப் பாத்தா, ஆடி பன்னெண்டு.

வைகாசியில காலி பண்ணவங்க ஆடி பன்னெண்டு வரைக்கும் தேதி கிழிச்சிருக்கறாங்க! கேக்கறீங்களா? ஆடியில எவனாவது வீடு மாத்துவானா டீச்சர்? உங்க வீட்டுல மாத்துவீங்களா? ஆடியில சாமானேத்தற வண்டிக்காரன்கூட வேல இல்லாம சீட்டாடிக்கிட்டு இருப்பான். வீட்டுல பொணம் விழுந்தாக்கூட ஆடி போகட்டும்னுதான் இருப்பாங்க. அப்படியிருக்க ஆடியில மூட்டையக் கட்டுனாங்கன்னா, ஒரு நாளுகூட இங்க தங்க முடியாத ஒண்ணு நடந்திருக்குதுன்னு அர்த்தம்.

நேரா எதிர்வீட்டுக்குப் போனேன். கோமதியக்கா. பாலு குடிச்ச டம்ளரக் கம்பி வழியாக் குடுத்தாளே, அவதான். காலண்டர மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். "என்னக்கா நடந்துச்சு அந்த வீட்டுல? சொல்லப்போறியா இல்ல தெருவக் கூட்டட்டுமா?"ன்னேன்.

"எங்களுக்கு என்ன கண்ணு தெரியும்"னு இழுத்தா. அப்புறம் சொன்னா. ஜீவிதான்னு ஒரு புள்ளையாம். உங்க ஸ்கூல்தான், போன வருசம் பன்னெண்டாவது எழுதியிருக்குது. நர்சுக்குப் படிக்கப் போறேன்னு அடம் புடிச்சுதாம், எவங்கூடவோ போன்ல பேசுச்சுன்னு வேற அப்பனுக்குச் சந்தேகமாம். அந்த ரூமுல போட்டு அடைச்சுட்டானாம். ஒரு மாசம். ஒரு மாசம் டீச்சர்! "தட்டிக்கிட்டே இருக்கும் கண்ணு. கேக்கப் பாவமாத்தான் இருக்கும். நாங்க டிவிய கொஞ்சம் கூட்டி வெச்சுக்குவோம்"னா.

டிவிய கூட்டி வெச்சாளாம்! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நீயெல்லாம் பொம்பளையா? நீ ஒரு புள்ளையப் பெத்தவதான? ஒரு தட்டு சத்தத்துக்கு எந்திரிச்சு வந்து ஏன்டான்னு கேக்க உனக்குக் காலு வரலியா?"ன்னு நடுத்தெருவுல நின்னு கத்துனேன். "அடுத்தவங்க குடும்பத்துல நாம எப்படி கண்ணு தலையிடறது"ன்னு மொணகிக்கிட்டே கதவச் சாத்திட்டா.

சாத்தறதுக்கு முன்னால ஒண்ணு சொன்னா. அதுதான் என்னையத் தூக்கிவாரிப் போட்டுது. ஒருநாள் காலையில இருந்து தட்டற சத்தமே இல்லியாம். சுத்தமா நின்னுபோச்சாம். மறுநாள் வெடியறதுக்குள்ள அப்பனும் ஆத்தாளும் சாமான ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களாம். அந்தப் புள்ள வண்டியில ஏறுனத யாருமே பாக்கலியாம்.

சத்தம் நின்னா என்னங்க அர்த்தம்? ஆடியில ஓடுனா என்னங்க அர்த்தம்? அந்தப் புள்ள இந்த ரூமுலயே செத்துப்போச்சு. அடிச்சுக் கொன்னானோ, அதுவா மாட்டிக்கிச்சோ. அதை மறைச்சு, மேல நீலப் பெயிண்ட அடிச்சு, என்ர தலையில கட்டிட்டான் அந்தச் சென்னியப்பன். என்ர புள்ள ஆறு மாசமா அந்தப் பொணத்து ரூமுல படுத்து எந்திரிச்சிருக்கறா!

போனப் போட்டு ஓனர வாங்கு வாங்குன்னு வாங்குனேன். "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலம்மா, உசுரோடத்தான் இருக்குது. உங்களுக்குத்தான் பரணுல புதுப் பலகை அடிச்சுக் குடுத்துட்டனே, இன்னும் என்னம்மா?"ங்கறான். நான் செத்த புள்ளையப் பத்திக் கேக்கறேன், இவன் பலகையப் பத்திப் பேசறான். மரமண்டை. எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் காட்டி, நாலு மூலைக்கும் மஞ்சத்தண்ணி தெளிச்சேன்.

பர்ணி மட்டும் நம்பல. "செத்துப்போயிருந்தா காலண்டர் ஏம்மா பரணுக்குப் போகுது? காலண்டர் செவுத்துலதான மாட்டியிருக்கும்?"னு கேட்டா. அந்த ஆடி பன்னெண்டாந்தேதித் தாளுக்குப் பின்னால பென்சில்ல என்னமோ கோடு கோடாப் படம். காட்டுடின்னேன். "ஒண்ணுமில்ல"ன்னு மடிச்சு உள்ள வெச்சுக்கிட்டா. என்கிட்ட மறைக்கற பழக்கம் அன்னிக்கே ஆரம்பிச்சிருச்சு.

நீங்க ஏன் டீச்சர் அடிக்கடி மணியப் பாக்கறீங்க? முக்காவாசி சொல்லிட்டேன். காய்ச்சல்னு சொன்னேன்ல, பொய்தான். உங்ககிட்ட என்ன மறைப்பு.

என்ர அண்ணன் மகன் பூபதி. சொந்தத்துல ரிக் வண்டி, கெட்ட பழக்கம் ஒண்ணு கெடையாது. இருவத்தொம்போது வயசு, அதென்ன பெரிய வயசா? அவ பொறந்த அன்னிக்கே அண்ணன்கிட்டச் சொன்ன வார்த்தை. நான் என்ன நாளைக்கேவா கட்டிக் குடுக்கறேன்? நாளன்னைக்கு வெறும் நிச்சயம். கல்யாணம் பதினெட்டு முடிஞ்சுதான், சட்டமெல்லாம் எனக்கும் தெரியும். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாருக்கும் சொல்லியாச்சு. எங்க அண்ணன் பூவும் பழமுமா வந்து இதே சேருல உக்காந்திருக்கறாரு, உள்ள இருந்து வந்தா டீச்சர், வந்து அவரு மொகத்துக்கு நேரா நின்னு, "மாமா, எனக்கு வேண்டாம். நான் படிக்கோணும். மீறிப் பண்ணீங்கன்னா புஸ்தகத்துல போட்டிருக்கற புள்ளைங்க உதவி நம்பருக்குப் பேசுவேன்"ங்கறா. பெத்தவளுக்கு எப்படி இருக்கும்? அண்ணன் தட்டத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுட்டாரு. கால்ல விழாத கொறையா உக்கார வெச்சேன். அவளுக்கு விட்டேன் ஒரு அறை. அப்பவும் அழல. "என்னையும் ஜீவிதா மாதிரி பண்ணப் பாக்கறீங்களா?"ன்னு கேட்டா.

அப்பத்தான் எனக்கு அந்தத் தாழ்ப்பாள் ஞாபகத்துக்கு வந்துச்சு.

அப்படிப் பாக்காதீங்க. அது வேற, இது வேற. அவன் கொடுமக்காரன். நான் என்ன கொடுமையா பண்றேன்? மூணு வேளையும் சுடச்சுடக் கொண்டுபோய் வெக்கறேன். ரூமுக்குள்ளயே பாத்ரூம் இருக்குது, ஃபேன் இருக்குது. போன மட்டும் புடுங்கிக்கிட்டேன், ஸ்கூல் பைய பீரோவுல வெச்சுப் பூட்டுனேன். அவன் ஒரு மாசம் அடைச்சான், நான் ஒம்போது நாள். செத்த புள்ள இருந்த ரூமு, பயந்துக்கிட்டுச் சீக்கிரமா வழிக்கு வந்துருவான்னுதான். ஒரு தாய்க்கு இந்த உரிமைகூட இல்லியா?

மொத நாலு நாள் தட்டுனா. மதியத்துல தட்டுவா, சாயந்தரம் தட்டுவா. அது சீரியல் நேரம், நான் டிவிய வெச்சிருப்பேன். கொஞ்சம் கூட்டித்தான் வெக்கோணும், எனக்கு ஒரு காது மந்தம். கோமதியக்கா கேட்டுக்கிட்ட வந்து நின்னு நின்னு பாத்துட்டுப் போனா. வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நல்லா வாங்கிக்கட்டியிருப்பா, எங்க குடும்ப விசயம், இவளுக்கு என்ன வந்துச்சு?

அப்புறம் தட்டறத நிறுத்திட்டா. இன்னிக்குக் காலையில இட்லி கொண்டுபோனேன். தட்ட வாங்கிக்கிட்டு, "அம்மா"ன்னு கூப்பிட்டா. ரொம்ப மெதுவா, சின்னதுல கூப்பிடுவாளே, அப்படி. "இப்பவாவது வேண்டாம்னு சொல்லிரும்மா"ன்னா. கதவப் புடிச்சுக்கிட்டு ஒரு நிமிசம் அங்கியே நின்னேன் டீச்சர், பொய் சொல்லல. ஆனா எளகுனா கெட்டுரும்னு, திரும்பிப் பாக்காம கதவச் சாத்தித் தாழ்ப்பாளப் போட்டுட்டு ரேசன் கடைக்குப் போயிட்டேன்.

ரேசன்ல சாமான் போடற அன்னிக்கு எப்பவும் ரெண்டு மணி நேரம் ஆவும், நேத்தே அவகிட்டச் சொல்லித்தான் வெச்சிருந்தேன். ஒம்போது மணிக்குப் போனவ, பதினொண்ணுக்குத்தான் வந்தேன். வந்து பாத்தா வீடு ஒரே அலங்கோலம். பரணு மேல இருந்த பெரிய அண்டா அடுப்படித் தரையில உருண்டு கெடக்குது, ஒரு பக்கம் நசுங்கிப்போச்சு. பூனை தள்ளியிருக்கும். பின்கதவு வேற தொறந்து கெடக்குது. எனக்கு மறதி சாஸ்தியாயிருச்சு, இந்த ஒம்போது நாளா மனசு ஒரு நெலையில இல்ல.

ஆனா ஒண்ணு. வந்ததுல இருந்து அந்த ரூமுல ஒரு சத்தம் இல்ல. கதவுல காத வெச்சுக் கேட்டேன், ஒரு அசைவில்ல. அடங்கிட்டா. புள்ள அடங்கிட்டா, சாமி கண்ணத் தொறந்துருச்சு. இனி நிச்சயம் நல்லபடியா நடந்துரும்.

ஏன் எந்திரிச்சுட்டீங்க? இருங்க டீச்சர், ஒரு வார்த்த அவகிட்டப் பேசிட்டுப் போங்க. நீங்க சொன்னாக் கேப்பா. என்னையவிட உங்களத்தான் மதிப்பா, அதுவே எனக்கு ஒரு எரிச்சல்.

ஆமா... ஏன் டீச்சர்? வந்ததுல இருந்து நான்தான் பேசிக்கிட்டிருக்கேன். காய்ச்சல்னு சொன்னேன். எத்தன டிகிரின்னு கேக்கல. பொய்யின்னேன், அடைச்சு வெச்சிருக்கேன்னேன், அதுக்கும் ஒண்ணும் சொல்லல. பர்ணி எங்க, அவளக் கண்ணுல காட்டுங்கன்னு நீங்க ஒரு தடவகூடக் கேக்கலியே.

பை பீரோவுல இருக்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

நில்லுங்க. நில்லுங்க டீச்சர், நான் கதவத் தொறக்கறேன். பர்ணி... ஏ பர்ணி. டீச்சர் வந்திருக்கறாங்க பாரு. என்னடி இது, இட்லி அப்படியே இருக்குது. பர்ணி! பாத்ரூமுலயும் இல்ல. கட்டிலு ஏன் பரணுக்கு நேரா நகந்து கெடக்குது? ஐயோ, பரண்... பலகை... பலகையக் காணோமே!

தலகாணி மேல இது என்ன தாளு. ஆடி பன்னெண்டு. அந்தப் படம். இந்த வீடு டீச்சர், இந்த வீட்டத்தான் பென்சில்ல வரைஞ்சிருக்குது. ரூமு, மேல பரணு, அக்கட்ட அடுப்படி. அந்த ஜீவிதா வரைஞ்சது. கோடு இழுத்துப் பேரெழுதுனது என்ர மக. அவ எழுத்து, அந்த நோட்டுல எழுதற அதே எழுத்து. பலகை. அண்டா. பின்கதவு. அம்மா ரேசன் கடை, ஒம்போதுல இருந்து பதினொண்ணு.

அந்தப் புள்ள சாகல. அது போயிருச்சு. இதே வழியாப் போயிருச்சு!

எங்க என்ர புள்ள? உங்க வீட்டுலயா? ஸ்கூல்லயா? சொல்லுங்க! அந்த நோட்டக் குடுங்க. என்னைய வாயாடவிட்டு நோட்ட வாங்கத்தான வந்தீங்க? நான்தான குடுத்தேன், என் கையாலயே எடுத்துக் குடுத்தனே! குடுங்கன்னா... கைய விடுங்க. கேட்டத் தொறக்காதீங்க. நாளன்னைக்கு எங்க அண்ணன் வந்து நின்னா நான் என்ன சொல்றது? டீச்சர்! நான் அவளப் பெத்தவ டீச்சர், காலையில என்னையத்தான அம்மான்னு கூப்பிட்டா!

கோமதியக்கா! அக்கா, ஓடியாங்க! இவங்களப் புடிங்க! என்ர புள்ளைய எங்கியோ ஒளிச்சு வெச்சுக்கிட்டுப் போறாங்க! கோமதியக்கா, நீங்க சன்னல்ல நிக்கறது தெரியுது. கதவத் தொறங்க. யாராவது ஒருத்தர் வாங்களேன், எட்டு வீட்டுல ஒருத்தருக்கும் காது கேக்கலியா?

போறீங்களா, போங்க. போகறதுக்கு முன்னால இதையும் கேட்டுட்டுப் போங்க டீச்சர். கேக்குதா உங்களுக்கு? டிவிய கூட்டி வெக்கறா.